மாமா போய்ச் சேர்ந்தார், மருந்துப் பை அலமாரியில் இருக்கிறது

காவிரிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு 71 வயது. உணவுக்குழாயில் புற்றுநோய். "இனி கீமோ தாங்கமாட்டார், வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிய பிறகு இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தார். மருந்து கொடுத்ததெல்லாம் மருமகள்தான். முதல் ஒன்றரை மாதம் மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்து, 10 மில்லிகிராம் மாத்திரை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொன்று, இரவு 10 மணிக்கு இரண்டு. விழுங்குவது கஷ்டமானதும் மருத்துவர் ஃபென்டனில் பிளாஸ்டருக்கு மாற்றினார்; இதுவும் மார்ஃபின் வகை வலி மருந்துதான், தோல் வழியே உடம்புக்குள் இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று மார்பில் ஒட்ட வேண்டும். நடுவில் வலி வந்தால் மட்டும் ஒரு மார்ஃபின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டில் மணி போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் பின்னிரவு 2 மணிக்கு மாமா முனகினார், ஒரு மாத்திரை கரைத்துக் கொடுத்தார். நாலரைக்கு உயிர் பிரிந்தது.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. மஞ்சப்பை ஒன்றில் மருந்துகள் அப்படியே இருக்கின்றன. மார்ஃபின் 46 மாத்திரை, பிரிக்காத பிளாஸ்டர் இரண்டு, தூக்கத்துக்குக் கொடுத்த லோராசெபாம், எப்போதோ நிறுத்திய கேப்சிட்டபைன் என்ற கீமோ மாத்திரை ஒன்றரை அட்டை, வாந்திக்கும் வீக்கத்துக்குமான மாத்திரைகள், பாதி பாட்டில் மலமிளக்கி, சில ஊசிகள், ஒரு கட்டு டயப்பர். கொழுந்தனார், "மாமாவின் பாய் தலையணையை ஆற்றில் விட்ட மாதிரி இதையும் விட்டுவிடலாம்" என்கிறார். கணவர், கொல்லையில் போட்டுக் கொளுத்தச் சொல்கிறார். மாமியாரின் அக்கா, "அந்த வலி மாத்திரையில் ரெண்டு அட்டை கொடு, முட்டி வலி உயிர் போகுது" என்று கேட்டு அனுப்புகிறார். பக்கத்து வீட்டுக்காரர், "மார்ஃபின் வீட்டில் இருந்தால் போலீஸ் கேஸ்" என்று பயமுறுத்தியிருக்கிறார்.

நடுவே ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது: "குளிப்பாட்டும்போது மாமா மார்பில் இருந்த பிளாஸ்டரை யாரோ பிய்த்து முற்றத்துத் தூணில் ஒட்டிவிட்டார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறது. நாத்தனார் பையன் மூன்று வயது, அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறான்." கடைசிப் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: "என் நோட்டுக் கணக்குப்படி 48 இருக்க வேண்டும். இரண்டு குறைகிறது. தூக்கக் கலக்கத்தில் அன்று இரவு கூடக் கொடுத்துவிட்டேனா டாக்டர்?"

சகோதரி, உங்கள் கடைசி வரிக்கும் பதில் சொல்வேன். அதற்கு முன் எழுந்துபோய் அந்தத் தூணைப் பாருங்கள்.

தூணில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர்

மூன்று நாள் ஒட்டியிருந்து எடுத்த ஃபென்டனில் பிளாஸ்டரில் மருந்து தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எடுத்தபிறகும் ஒரு சிறு குழந்தையின் மூச்சை நிறுத்தும் அளவுக்கு அதில் மருந்து தங்கியிருக்கும். வீட்டில் கிடந்த பிளாஸ்டரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டும், தோலில் ஒட்டிக்கொண்டும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்காகவே 2012-ல் அரசு எச்சரிக்கை விடுத்தது. பார்ப்பதற்கு வெறும் ஸ்டிக்கர் மாதிரி இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மூன்று வயதுப் பையனுக்கு ஸ்டிக்கரை விடப் பிடித்த விளையாட்டு ஏது?

ஓரத்தைப் பிடித்து உரித்தெடுங்கள். பசை உள்ள பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து அழுத்துங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியே கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் கை கழுவுங்கள். சோப்பு வேண்டாம், பசை கையில் பட்டிருந்தால் சோப்பு மருந்தைத் தோலுக்குள் கூடுதலாக இறக்கிவிடக்கூடும். தூணையும் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூரப் போடுங்கள்.

பையன் இதுவரை நன்றாக ஓடியாடுகிறான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரி மருந்தைத் தொட்டபின் ஒரு குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், கண்ணின் கருமணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். தோலில் ஒட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் மருத்துவமனையில் முறிவு மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியும், அதனால் அட்டையையோ உறையையோ கையில் எடுத்துப் போங்கள்.

முந்தைய பிளாஸ்டர்களைச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போனது போகட்டும். யாரும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது எங்களைப் போன்றவர்கள்தான். பிளாஸ்டரை எப்படி ஒட்டுவது என்று பத்து நிமிடம் காட்டுகிறோம், எடுத்த பிளாஸ்டரை என்ன செய்வது என்பதைப் பல இடங்களில் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

பெரியம்மாவின் முட்டி வலி

பெரியம்மாவுக்கு "இல்லை" என்று சொல்வது உங்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது. வலியில் இருப்பவருக்கு, கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு மறுப்பது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் அந்த மாத்திரை மாமாவின் உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கப்பட்ட மாத்திரை. ஒரு நாளில் 60 மில்லிகிராம் மார்ஃபின் எடுத்துக்கொண்டே அவர் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருந்தார். பழக்கமே இல்லாத ஒரு முதியவருக்கு நாங்கள் 2.5 அல்லது 5 மில்லிகிராமில்தான் தொடங்குவோம். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, மூச்சுத் தொந்தரவு உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்ப்போம். பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகியிருந்து, வலி கேட்கவில்லை என்று இரண்டு மூன்றாகப் போட்டுக்கொண்டால், மார்ஃபின் உடம்பை விட்டு வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். காலையில் எழுப்பப் போகிறவர் கண்டுபிடிப்பார்.

"நான் கொடுத்தால் என் பெயரில் கேஸ் வருமாம் பெரியம்மா" என்று வேண்டுமானால் சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை. கூடவே அவரை ஓர் எலும்பு மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். முட்டித் தேய்மானத்துக்கு மார்ஃபின் தேவையே இல்லை. அவருக்கு உதவக்கூடிய வேறு வழிகள் நிறைய இருக்கின்றன.

போலீஸ் பயம் எவ்வளவு நியாயம்?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. மார்ஃபினும் ஃபென்டனிலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவைதான். ஆனால் அந்தச் சட்டமே மருத்துவத் தேவைக்கு இடம் விட்டிருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்து, நோயாளியின் பெயரில் வாங்கிய மருந்தை வீட்டில் வைத்திருந்தது குற்றமல்ல. சொல்லப்போனால், வலியில் துடிப்பவர்களுக்கு இந்த மருந்துகள் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியமானவை என்று தனியே பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக் கொடுக்க வழிசெய்தார்கள். அதற்கு முன்பு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல துறைகளின் உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். உரிமம் வருவதற்குள் நோயாளி போய்விடுவார்.

குற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்த மருந்து மாமாவைத் தாண்டி இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில். காசு வாங்காமல், பாசத்தில் கொடுத்தாலும் அப்படித்தான். ஆகவே, திருப்பி ஒப்படைக்கும் வரை மருந்துச் சீட்டு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்றிதழ் நகல் மூன்றையும் மாத்திரையோடு ஒரே பையில் வைத்திருங்கள். வழியில் யார் கேட்டாலும் காட்டலாம். பையைப் பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள். ஊரில் இளவட்டப் பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். "அந்த வீட்டில் கேன்சர்காரர் மாத்திரை மிச்சம் இருக்கிறது" என்ற பேச்சு தெருவில் பரவ வேண்டாம்.

எங்கே கொடுப்பது?

மார்ஃபின் தந்த மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவுக்கே கொண்டுபோங்கள். போகும் முன் போன் செய்து, "மிச்ச மார்ஃபினும் பிளாஸ்டரும் இருக்கிறது, எந்த நாள் கொண்டுவரலாம்" என்று கேளுங்கள். அங்கே உங்கள் முன்னாலேயே எண்ணி, பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதை இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கமாட்டார்கள், அழித்துவிடுவார்கள். வீணாகிறதே என்று உங்களுக்கு மனசு வலிக்கலாம். ஒரு வீட்டில் எந்த வெயிலில், எந்த ஈரத்தில் இருந்தது என்று தெரியாத மார்ஃபினை இன்னொரு வலிக்காரருக்குத் தர முடியாது. லோராசெபாமையும் கேப்சிட்டபைனையும் அதே பையில் கொண்டுபோய்க் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் இருந்தால், அவரிடமும் யோசனை கேளுங்கள். ஆனால் மார்ஃபினை அவர் கையில் கொடுத்தனுப்பி அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

மருத்துவமனை தூரம், போக வழியே இல்லை என்றால் அடுத்த வழி உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயஸிபாம் எல்லாம் அதில் இருக்கின்றன. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் போட்டு ஊற்றுங்கள், அட்டையைப் போடாதீர்கள். பிரிக்காத பிளாஸ்டர்களையும் உறையிலிருந்து எடுத்து, மேலே சொன்ன மாதிரி மடித்துப் போடுங்கள். செய்யும்போது கணவரையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு யாரும் "மீதி எங்கே" என்று கேட்க இடம் இருக்காது.

"ஆற்றில் விடக்கூடாது, கக்கூஸில் மட்டும் விடலாமா?" என்று உங்கள் கொழுந்தனார் கேட்பார். நியாயமான கேள்வி. தண்ணீருக்குக் கெடுதல் இல்லை என்பதால் அல்ல இந்த விதிவிலக்கு. ஒரே ஒரு மாத்திரை அல்லது பிளாஸ்டர் தவறான கையில் கிடைத்தால் அன்றே உயிர் போகும் என்கிற சில மருந்துகளுக்கு மட்டும், அந்த உடனடி ஆபத்து பெரிது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மற்ற எந்த மருந்துக்கும் இது பொருந்தாது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், காவிரித் தண்ணீரில் வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாவற்றின் தடயமும் இருந்தது. அதே தண்ணீர்தான் வாய்க்காலில் வந்து உங்கள் வயலுக்குப் பாய்கிறது. டைக்ளோஃபினாக் என்ற சாதாரண வலி மருந்து, மாட்டுக்குப் போட்டது, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகளை நாடெங்கும் கொன்று தீர்த்தது. 2006-ல் மாடுகளுக்கு அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது. மாமாவின் பாயும் தலையணையும் ஆற்றோடு போவது சாத்திரம். மருந்துப் பைக்கு அப்படி ஒரு சாத்திரம் கிடையாது என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.

கொல்லையில் கொளுத்துவதும் வேண்டாம். அட்டையின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மருந்தும் சேர்ந்து எரியும் புகையை வீட்டில் உள்ளவர்கள்தான் சுவாசிப்பார்கள். கீமோ மாத்திரை அதில் இருந்தால் இன்னும் மோசம். கேப்சிட்டபைனை உடைக்கவோ பொடியாக்கவோ வெறுங்கையால் தொடவோ கூடாது, கழிப்பறையிலும் போடக்கூடாது. அட்டையோடு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அந்தப் பையைத் தொடவே விடாதீர்கள்.

மீதமுள்ள சில்லறை

வாந்தி மாத்திரை, வீக்க மாத்திரை, பாராசிட்டமால் இவற்றையும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். சில மருந்துக் கடைகளிலும் பழைய மருந்தைச் சேகரிக்கிறார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டில் 2025-ல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள், இங்கும் ஊர்தோறும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கும் வாங்கவில்லை என்றால் மாத்திரைகளைப் பிரித்து, உடைக்காமல், காபி வடிகட்டிய சக்கை, தேயிலைச் சக்கை அல்லது ஈரச் சாம்பலோடு பிசைந்து, கெட்டியான கவரில் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் "இது மருந்து" என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். மலமிளக்கியையும் சாம்பலில் ஊற்றி ஊறவிட்டு அதே மாதிரி செய்யலாம். பாட்டிலிலும் அட்டையிலும் உள்ள மாமாவின் பெயரைக் கிழித்துவிடுங்கள்.

ஊசிகளை மூடி உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, "ஊசி" என்று எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் யாருடைய அம்மாவோ அப்பாவோதான்.

டயப்பர், யூரின் பை, காற்றுப் படுக்கை வைத்திருந்தால் அது, இவற்றைத் தாராளமாகத் தானம் செய்யலாம். வலி தணிப்புப் பிரிவில் கேட்டால், இன்றைக்கே அது தேவைப்படும் ஒரு வீட்டைச் சொல்வார்கள். மாமாவின் பெயரில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை அதில் நிறைவேறும்.

குறையும் இரண்டு மாத்திரை

இனி உங்கள் கடைசி வரி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தீபாவளிக்கு மறுநாள் மாத்திரை போட்ட ஐந்து நிமிடத்தில் மாமா வாந்தி எடுத்தார், மறுபடி ஒன்று கொடுத்தேன் என்று. சரியாகத்தான் செய்தீர்கள். ஆனால் அந்த இரண்டாவது மாத்திரையை நோட்டில் எழுதியிருப்பீர்களா? வாந்தியைத் துடைத்து, வேட்டி மாற்றி, அவரைச் சாய்த்துப் படுக்கவைத்த பிறகு? எனக்குச் சந்தேகம்தான். இன்னொன்று கீழே விழுந்து உருண்டிருக்கலாம், அப்படித்தான் பல வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடைக்கும். ஒருமுறை கட்டிலுக்கடியிலும் பெட்டிச் சந்திலும் பெருக்கிப் பாருங்கள், அந்தப் பையன் இருக்கும் வீடு.

சரி, நீங்கள் பயப்படுகிறபடியே அன்று இரவு கலக்கத்தில் ஒன்றுக்கு மூன்றாகக் கரைத்துக் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒன்றரை மாதம் ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு நீங்கள் அவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்தீர்கள். நடுராத்திரியில் எழுப்பிக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக, இரவு இரட்டை அளவு கொடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். காலையில் அவர் எழுந்து காபி கேட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு பிளாஸ்டரும் வந்து, உடம்பு அந்த மருந்துக்கு நன்றாகவே பழகியிருந்தது. பழகிய உடம்பைப் பத்து இருபது மில்லிகிராம் கூடுதல் கொன்றுவிடாது. மார்ஃபின் அளவு மீறினால் ஆழ்ந்த தூக்கம் வரும், மூச்சு சீராக மெதுவாகிக்கொண்டே போகும். நீங்கள் எழுதியிருப்பது வேறு: இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீர் குறைந்தது, கைகால் சில்லிட்டது, மூச்சு வேகமாக வந்து, நின்று, மறுபடி வேகமாக வந்தது, தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்டது. மாமா அன்று மாலையிலிருந்தே போய்க்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு நீங்கள் கொடுத்த மாத்திரை முனகலை மட்டும் நிறுத்தியது.

வீட்டில் இறக்கும் ஒவ்வொருவருக்கும் கடைசி மாத்திரையை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இருபது வருடமாக இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள், பகலும் இரவும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இந்த எண்ணமே சுற்றிச் சுற்றி வந்தால், அதே வலி தணிப்புப் பிரிவில் சொல்லுங்கள். இறந்தவரின் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான்.

மாத்திரையை ஒப்படைக்கப் போகும்போது அந்தப் பள்ளிக்கூட நோட்டையும் எடுத்துப் போங்கள். செவிலியர் எண்ணி முடித்ததும், தீபாவளி மறுநாள் பக்கத்தைத் திறந்து அவரிடம் காட்டிப் பேசுங்கள். கடைசிப் பக்கத்தில் "46 பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மருந்தெல்லாம் அங்கே இருக்கட்டும், நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.